தண்ணீருக்குள் குழாயின் எடை

இந்தோனேசியாவின் பாலிக்பாப்பான் விரிகுடாவில் எரிவாயுக் குழாய் கரையேறும் இடத்தில், எடைக்கணக்கு ரபாசியாவின் பொறுப்பு. அவள் சரியென்று சொல்லாமல் எந்தக் குழாயையும் தூக்கமாட்டார்கள். அன்று காலை, சதுப்பில் தோண்டிய பள்ளத்தின் விளிம்பு சரிந்து, மேலே கிடந்த குழாய் உருண்டு விழுந்தது. பள்ளத்துக்குள் நின்ற தொம்போ சேற்றில் மல்லாந்து சரிய, அவன் தொடைகள் இரண்டும் அதனடியில் மாட்டிக்கொண்டன.

பொக்லைனில் இருந்தவன் தொம்போவின் அண்ணன் சங்கலா.

"தங்கச்சி, தூக்கட்டுமா? சீக்கிரம் சொல்லும்மா!"

ரபாசியா குழாயின் வெளிவிட்டத்தில் தகட்டின் தடிமனைக் கழித்தாள். மீதியை அதே தடிமனால் பெருக்கி, எஃகுக்கு உரிய எண்ணாலும் பெருக்கினாள். முழு நீளத்துக்கும் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. கடலடியில் மிதக்காமல் கிடக்க மேலே பூசிய கான்கிரீட் ஐந்து டன். ஆக ஏழு. ஒரு முனையை மட்டும் தூக்கினால் பாதி. பொக்லைன் தன் கையை அவ்வளவு தூரம் நீட்டினாலும் நாலு டன் தாங்கும்.

"தூக்குங்கண்ணே!"

வடம் இறுகியது. குழாய் அசையவில்லை, பொக்லைனின் பின்பக்கம்தான் எழும்பியது. சங்கலா பதறி இறக்கினான். ரபாசியா குனிந்து குழாயின் வாய்க்குள் பார்த்தாள். வாரக்கணக்கில் சதுப்பில் கிடந்த குழாய். உள்ளே சேறு நிறைந்து இறுகிப்போயிருந்தது. இன்னும் மூன்றரை டன்; ஒரு முனையே ஐந்தைத் தாண்டும்.

"அக்கா, என் எடையையும் சேத்துக் கணக்குப் போட்டுட்டியா? நான் வெறும் எலும்புதான்," என்றான் தொம்போ, பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லோருமாகக் குழாய்க்குள் இருந்த சேற்றைத் தோண்டினார்கள். கை எட்டும் தூரத்துக்கு மேல் முடியவில்லை. கடலில் பெரிய கிரேனோடு ஒரு மிதவை நின்றது. அது உள்ளே வர ஓதம் ஏற வேண்டும். ஓதம் ஏறவும் தொடங்கியிருந்தது. தண்ணீர் தொம்போவின் இடுப்பு வரை வந்துவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. குழாய் முழுக்க மூழ்கினால் நாலு டன்னைத் தண்ணீரே தாங்கும். மீதியில் பாதி, மூன்றேகால்; அடிச்சேற்றின் பிடிக்கும் கொஞ்சம் விட்டால், முழுக்க மூழ்கினால்தான் நாலுக்குள் அடங்கும். பொக்லைனே போதும்.

"தண்ணி குழாய மூடட்டும்ணே, கனம் கொறஞ்சிரும். அதுவரைக்கும் இவன் மூச்சு விட்டாப் போதும்."

ரப்பர்க் குழல் ஒன்றைத் தொம்போவின் வாயில் வைத்து, மூக்கைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் முகத்தை மூடியது. அவன் அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்தான். ஒருமுறை இருமினான், குழல் நழுவியது. திரும்பச் செருகினாள். மறுபடியும் நழுவியது. குழாயின் முதுகு இன்னும் ஓர் உள்ளங்கை அகலம் வெளியே தெரிந்துகொண்டிருக்கும்போதே, மணிக்கட்டைப் பற்றிய பிடி விட்டுப்போனது.

தண்ணீர் மூடியதும் சங்கலா தூக்கினான். குழாய் முனகல்கூட இல்லாமல் எழும்பியது. உடலை இழுத்துக் கரையில் போட்டார்கள். சங்கலா இறங்கி வந்து தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டான்.

"காலையில அசையவே இல்லியே தங்கச்சி. இப்ப எப்படி இவ்ளோ லேசா வந்துச்சு?"

"தண்ணி தாங்குச்சுண்ணே."

அவன் காதில் விழாதவன்போல் மறுபடியும் அதையே கேட்டான். அவளும் மறுபடியும் அதையே சொன்னாள்.