சரோஜினிதேவி சாப்பிடாத ஒன்பது நாட்கள்

சரோஜினிதேவி சாப்பிட்டால் சிவபாதசுந்தரத்துக்கு வயிறு நிரம்பியது. இது 1997ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கியது. அவள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அவளுடைய புருஷன் துறைமுகத்தை அண்டிய ஒரு பழைய பண்டகசாலைக்குள் அடைபட்டிருந்தான். ஐரோப்பாவில் ஐந்து வருடம் அகதி விண்ணப்பத்தோடு அலைந்து, அது மறுக்கப்பட்டு, விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டவன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவனை ஏன் போனாய் என்று கேட்டார்கள். பிறகு ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். இரண்டு பதிலும் பிடிக்காமல் உள்ளே போட்டார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அங்கே அறுபத்து மூன்று பேர். வழக்குமில்லை, குற்றப்பத்திரிகையுமில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு கடதாசி வரும், அதில் இன்னும் மூன்று மாதம் என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான் நியாயம்!

சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகிறவர்கள் வாசலில் அதைப் பிரித்து ஒரு வாய் தின்று காட்டவேண்டும். உள்ளே நஞ்சு போய்விடும் என்று காவலருக்குச் சந்தேகம். "கன்ன, நங்கி" என்று சிங்களத்தில் தின்னச் சொல்வான் காவலன், சரோஜினிதேவி தின்பாள். மிச்சத்தை அவன் வாங்கி வைப்பான், அது உள்ளே போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மறுநாள் புதன்கிழமை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற சிவபாதசுந்தரம், "இஞ்சாரும், நேற்று மீன் குழம்பிலை புளி கூடிப்போச்சுது" என்றான். அதற்குப் பிறகு அவள் வாசலில் தின்றாலும், லொட்ஜில் தின்றாலும், பஸ்ஸுக்குள் ஒரு கடலை வடையைக் கடித்தாலும் அவனுக்கு வயிறு நிரம்பியது. அதனால் அவளுடைய வயிற்றுக்கும் ஒன்றும் குறையவில்லை. வெளியே சொன்னால் அதற்கும் ஒரு கடதாசி வரும் என்று பயந்து அவள் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே இருந்தவர்களின் உறவுக்காரப் பெண்கள் கொட்டாஞ்சேனையில் மரியகொறற்றியின் வீட்டில் கூடினார்கள். மரியகொறற்றியின் தம்பியும் உள்ளே இருந்தான். நாலு தமிழர் கூடினால் பொலிஸ் வரும், செபமாலை சொன்னால் வராது. அதனால் யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்களும் செபமாலை பாடமாக்கினார்கள். பத்து மணி உருட்டி முடிய ஒரு மனுவில் கையெழுத்து, அடுத்த பத்து முடிய மனித உரிமை ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம். சந்தேகம் மட்டும் ஓயவில்லை. போன வாரம் கதைத்தது இந்த வாரம் ஸ்டேஷனில் தெரிந்திருந்தது. யார் சொன்னது? எல்லாரும் சரோஜினிதேவியைத்தான் பார்த்தார்கள். தங்கள் ஆண்கள் கருவாடாய் வற்றிக் கிடக்க அவளுடைய மனுசன் மட்டும் கன்னம் வைத்திருந்தான். சும்மா கன்னம் வைக்குமா?

தை மாதம் அறுபத்து மூன்று பேரும், வழக்குப் போடு அல்லது விடு என்று உண்ணாவிரதம் தொடங்கினார்கள். தினமும் காலையில் அவர்களைத் தராசில் ஏற்றினார்கள். எல்லாருடைய எடையும் இறங்கியது, சிவபாதசுந்தரம் அறுபத்தாறு கிலோவிலேயே நின்றான். இது போலி உண்ணாவிரதம், களவாகச் சாப்பிடுகிறார்கள் என்று அதிகாரிகள் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு அவனையே சாட்சியாகக் காட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் தங்கள் பாயை அவனுடைய பாயிலிருந்து தள்ளி இழுத்துப் போட்டார்கள். உண்ணாவிரதம் தொடங்கியதும் உறவுக்காரரை விடவில்லை, உள்ளே போய்வரக்கூடியவர் இவர்களுக்காக வழக்குப் பேசும் லோயர் ஹியூபேட் ஒருவர்தான். அவர் கொட்டாஞ்சேனைக்கு வந்து அவன் சொன்னதை அப்படியே சொன்னார்: "சரோவைச் சாப்பிடாதை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஆனா இஞ்சை ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை."

மரியகொறற்றி செபமாலையை மடியில் போட்டாள். "பிள்ளை, இனியாவது உண்மையைச் சொல்லும். ஆர் அவருக்குச் சாப்பாடு குடுக்கிறது?"

"நான்தான் அக்கா. நான் சாப்பிட்டா அவருக்கு நிரம்புது."

அப்படியே நம்ப அவர்கள் என்ன பச்சைப் பிள்ளைகளா? மறுநாள் வியாழன், காலை பத்து மணிக்கு அவளுக்கு உறைப்பான ஒரு கொச்சிக்காயைக் கடிக்கக் கொடுத்தார்கள். அந்த நேரம் உள்ளே இருக்கும்படி ஹியூபேட்டை அனுப்பியிருந்தார்கள். பத்து மணிக்குத் தன்னோடு கதைத்துக்கொண்டிருந்த சிவபாதசுந்தரம் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் கேட்டான், கண்ணும் மூக்கும் ஒழுகியது என்று அவர் வந்து சொன்னார். எப்படி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஏன் முந்தியே சொல்லவில்லை என்றுதான் கேட்டார்கள். இனிச் சாப்பிடாதே என்று ஒருத்தியும் சொல்லவில்லை. சரோஜினிதேவி தானே எழுந்து கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். தான் பட்டினி கிடப்பது பெரிதில்லை, தன் வாயாலே அவனைப் பட்டினி போடுகிறோமே என்பதுதான் அவளைத் தின்றது.

அன்றிலிருந்து தண்ணீர் மட்டும். சிவபாதசுந்தரத்தின் எடை மற்றவர்களைவிட விறுவிறென்று இறங்கியது. அவர்கள் பாய்களை மெல்லக் கிட்ட நகர்த்தினார்கள்.

ஆறாம் நாள் பின்னேரம் லொட்ஜுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். பொலிஸ் பதிவுத் துண்டு கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. சூடான புரியாணிப் பார்சலை அவள் முன்னால் பிரித்து வைத்தார். கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் காதும் காதும் வைத்தாற்போல் பேசியது இவருக்கு எப்படித் தெரியும்? அதைவிட அவர் நல்ல தமிழ் பேசினார், அதற்குத்தான் அவள் கூடப் பயந்தாள். "சாப்பிடுங்க தங்கச்சி. அவர் செத்தா நீங்கதான் கொன்னது."

அவளுக்கு அழுகை வந்தது. சாப்பிடவும் ஆசை வந்தது, அதை மறைப்பானேன்? அவன் பிழைத்துக் கிடந்தால் போதும், மற்ற அறுபத்திரண்டு பேரும் எப்படிப் போனால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். கையும் பார்சலுக்குக் கிட்டப் போனது. பிறகு, ஒருத்தரும் கதைக்காமல் கிடந்த அந்த மனிதனை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் புரியாணியைத் தானே சாப்பிட்டுப் போனார். தகவல் கொடுத்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறையவுமில்லை.

ஒன்பதாம் நாள், எல்லாரையும் நீதிமன்றத்தில் நிறுத்துவதாக எழுத்தில் வந்தது. கொட்டாஞ்சேனை வீட்டுக் கட்டிலில் கிடந்த சரோஜினிதேவிக்கு மரியகொறற்றி கஞ்சி கொண்டுவந்தாள். அவள் குடிக்கவில்லை. "மற்றவை குடிச்சிட்டினமோ?" என்று கேட்டாள். அறுபத்திரண்டு பேரும் குடித்துவிட்டார்கள் என்று ஹியூபேட் வந்து சொன்ன பிறகே குடித்தாள். உள்ளே மயங்கிக் கிடந்த சிவபாதசுந்தரம் கண் விழித்து, கஞ்சியில் உப்பில்லை என்றான்.

மாசியில் நாற்பத்தொரு பேரை விட்டார்கள். மரியகொறற்றியின் தம்பியும் வந்துவிட்டான். சிவபாதசுந்தரத்தின் விசாரணை முடியவில்லை என்று இன்னும் மூன்று மாதம் எழுதினார்கள். நீதிமன்றத்திலிருந்து பெண்கள் நேரே கொட்டாஞ்சேனைக்கு வந்து, அடுத்த மனுவுக்குக் கையெழுத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சரோஜினிதேவி அழுதுகொண்டே ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டு முடித்தாள். மரியகொறற்றி கேட்காமலே இன்னும் இரண்டு அகப்பை போட்டு, குழம்பு ஊற்றினாள்.

"சாப்பிடும் பிள்ளை, அவர் இன்னும் கனநாள் இருக்கவேணும்" என்றாள்.