ரெண்டு பேரும் ஆத்துக்குப் போங்க

காலை ஐந்தேமுக்காலுக்கு அலாரம் அடிக்கும். அதற்கு முன்பே விழித்திருப்பான். இருந்தாலும் அடிக்கட்டும் என்று விடுவான். பல் தேய்ப்பான், கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம். டீ போடுவான், நின்றபடியே குடிப்பான். சட்டையில் காலரை மட்டும் இஸ்திரி போடுவான். மற்றதை லேப் கோட்டு மறைத்துவிடும். கேஸை மூடுவான், கதவைப் பூட்டுவான், பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான். பஸ்ஸில் ஆறு நிறுத்தம். மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. எட்டரைக்குப் பல் லேப்பின் ஷட்டரைத் தூக்குவான்.

உள்ளே, டாக்டர்கள் அனுப்பிய வாய்கள் அலமாரியில் வரிசையாகக் காத்திருக்கும். வெள்ளை பிளாஸ்டரில் வார்த்த வாய்கள். மேல் தாடை, கீழ் தாடை, பல் போன இடம், பல் போகப்போகிற இடம். ஒன்றும் பேசாது. மனைவி போன இந்தப் பதினொரு மாதத்தில் அவனிடம் ஆறுதல் சொல்லாத வாய்கள் அவை மட்டும்தான்.

ஒன்பது மணிக்கு மச்சான் போன் செய்வார்.

"மாப்ள, இன்னிக்கு ஆத்துத் தண்ணி நாலு டிகிரி."

"சரி மச்சான்."

"நேத்து அஞ்சு."

"சரி மச்சான்."

மச்சான் அவன் மனைவியின் அண்ணன். ஏசி ஷோரூம் வைத்திருக்கிறார். குளிரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரிமோட்டில் இருப்பது. குளிர்காலத்தில் ஏசி வாங்க யார் வருவார்கள்? நான்கு மாதம் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார். அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் செல்போனில் அந்த வீடியோ வந்து நின்றது. பனி மூடிய மலை. இடுப்பளவு ஆற்றில் தொப்பி போட்ட ஒரு மனிதர். நூல் முனையில் இறகு சுற்றிய ஒரு பொய் ஈ. அதை நிஜம் என்று நம்பித் துள்ளும் ஒரு மீன். கடையில் ஓட்டுகிற ஈயை ஆற்றில் ஓட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அது நான்கு வருடத்துக்கு முன்னால். இன்றுவரை ஒரு ஈ நனையவில்லை.

முதல் வருடம் மலைப்பாதை பனியில் அடைபட்டது. இரண்டாம் வருடம் வரவழைத்த பூட்ஸ் இரண்டும் இடது காலுக்கு வந்தன. மூன்றாம் வருடம் தங்கை செத்துப்போனாள். பயணம் ஏன் தள்ளிப்போனது என்று யாராவது கேட்டால் இதே வரிசையில்தான் மச்சான் சொல்வார்: பனி, பூட்ஸ், தங்கை.

இந்த வருடம் போயே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றார். காரணம், அது இப்போது பொழுதுபோக்கு இல்லை. தங்கையின் கடைசி ஆசை.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூமில் ஆலோசனைக் கூட்டம். அவன் போனபோது மச்சான், மார்பு வரைக்கும் வரும் ரப்பர் கால்சட்டைக்குள் நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேல் மூன்று ஏசி, மூன்றும் பதினாறில்.

"என்ன மச்சான் இது?"

"உடம்ப பழக்கறேன் மாப்ள. திடீர்னு போய் ஆத்துல எறங்க முடியாது."

மூலையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தவர் மச்சானின் நண்பர். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எல்லாரும் அவரைப் பாலிசி என்றே கூப்பிட்டார்கள். "மூணு நாளா பழக்கறாரு தம்பி," என்றார் அவர். "ஒரு வாடிக்கையாளர் வாசல் வரைக்கும் வந்தாங்க. இவரப் பாத்துட்டு, சாக்கடை சுத்தம் பண்ண ஆள் வந்திருக்குன்னு வெளியவே நின்னுட்டாங்க."

மச்சான் அதைக் காதில் வாங்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஆற்று வரைபடத்தைக் குச்சியால் தட்டினார்.

"குளிர்காலத்துல மீனுக்குப் பசி இருக்காது. அடியில சோம்பிக் கிடக்கும். ஈயை அது வாய்க்கு நேரா கொண்டுபோய் நீட்டணும்."

"சோறூட்டற மாதிரி," என்றார் பாலிசி.

"தூண்டில் வளையத்துல ஐஸ் கட்டும். அப்பப்ப வாயில வெச்சு உருக்கணும்."

"நாக்கு ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டாது. மத்தியானம் பதினொண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும்தான் மீன் அசையும். அதுக்குள்ள முடிக்கணும்."

"சரி, மாட்டிருச்சு. அப்புறம்?"

"போட்டோ எடுத்துட்டு விட்டுரணும்."

"எத?"

"மீனத்தான்."

பாலிசி கம்பளியை விலக்கி உட்கார்ந்தார். "விடறதுக்கா அண்ணே இவ்வளவு தூரம் போறோம்? இங்கயே இருந்தா பிடிக்காமலே விட்டுரலாமே."

"உனக்குப் புரியாது. இது வயித்துக்குப் பண்றதில்ல." மச்சான் அவன் பக்கம் திரும்பினார். "ஈ எத்தன கட்டியிருக்கீங்க மாப்ள?"

பதினாறு கட்டியிருந்தான். அரிசி மணியில் பாதி அளவு கொக்கியில், லேப் இடுக்கியால் பிடித்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே நூல் சுற்றி. பல்லில் நரம்புக் கோடு வரைகிற கைக்கு அது ஒரு வேலையே இல்லை. இந்தப் பயணத்தில் இதுவரை உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான். கொடுத்தார்கள், கட்டினான்.

மச்சான் ரப்பர் கால்சட்டையோடு நடந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். நடக்கையில் கால்சட்டை கீச் கீச்சென்றது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு மாப்ள. ஒரு தகடு. ஆத்தோரம் பாறையில பதிக்கணும். அவ கடைசியா சொன்னத அப்படியே பொறிச்சு. உங்க லேப்ல உலோகம் இருக்கு, மோட்டார் இருக்கு. உங்க கையாலயே எழுதுங்க."

"என்ன எழுதணும்?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? 'ரெண்டு பேரும் ஆத்துக்குப் போங்க.'"

"மச்சான், அவ அப்படித்தான் சொன்னாளான்னு..."

"என் ரெண்டு காதால கேட்டேன் மாப்ள."

மச்சானின் கண் நிறைந்துவிட்டது. நடிப்பில்லை. அதுதான் சிக்கல். ரப்பர் கால்சட்டைக்குள் நின்று மனதார அழுகிற ஒரு மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? அவன் தகட்டின் அளவு கேட்டுக்கொண்டு கிளம்பினான்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். ஒன்பதாம் நாள் காலையில் முகத்தில் மாஸ்க் இருந்தது. கட்டிலுக்கு ஒரு பக்கம் மச்சான், இன்னொரு பக்கம் அவன். தங்கைக்குத் தெம்பு வரட்டும் என்று மச்சான் செல்போனில் அந்த ஆற்று வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறந்தாள். கையைத் தூக்கி அசைத்தாள். மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். மச்சான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மச்சான் அதைச் சொன்னார். கேட்டவர்கள் உருகினார்கள். அவனுக்கு அப்போது வாயைத் திறக்கத் தெம்பில்லை. மூன்றாம் மாதம், 'எனக்காக ஒரு மீன் பிடிங்க' என்பதும் சேர்ந்துகொண்டது. ஆறாம் மாதம், 'பிடிச்சதும் விட்டுருங்க' என்பதும். உயிரோடு இருந்தபோது வளவளவென்று பேசாதவள், செத்த பிறகு மாதாமாதம் கூடுதலாகப் பேசினாள். இப்படியே போனால் வருட முடிவில் எந்த ஈ, எந்த நூல் என்பதுவரை அவளே சொல்லிவிட்டுப் போனதாக ஆகிவிடும். அவள் நிஜமாகச் சொன்னது அவன் ஒருவனிடம் மட்டும் இருந்தது. தகட்டில் மச்சான் வாக்கியம் ஏறிவிட்டால் அவனிடமும் இருக்காது. உலோகத்தில் இருப்பதைத்தான் ஊர் நம்பும். நாளடைவில் அவனும் நம்பிவிடுவான். அதுதான் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தகட்டைப் பிடிமானத்தில் பூட்டினான். பல் செட்டுக்கு வார்க்கிற உலோகம், உள்ளங்கை அளவு, கண்ணாடிபோல் மெருகேற்றியது. பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு கைமோட்டாரை ஓட்டினான். முதல் வரி: ரெண்டு பேரும். அது வந்துவிட்டது. அவள் சொன்ன வார்த்தைகள்தான் அவை. அடுத்த வரியில் கை நின்றது. அதை விட்டுவிட்டுக் கீழே போனான். மூன்றாம் வரி: போங்க. அதுவும் அவள் சொன்னதுதான். நடு வரி காலி.

அந்த நேரத்தில் அத்தை படியேறி வந்தாள். மனைவியின் அம்மா. கீழ்ச் செட்டு ஈறில் குத்துகிறதாம். செய்தவன் அவனே என்பதால் டாக்டரிடம் போகாமல் நேராக இங்கேதான் வருவாள்.

"இந்தப் பக்கம் மாப்ள. ஒரு வாரமா உயிர வாங்குது."

செட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். அவன் குத்துகிற இடத்தில் சிவப்புப் பென்சிலால் குறி வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். அத்தை சுற்றிலும் பார்த்தாள். பல் இல்லாமல் பேசினால் அவள் பேச்சில் பாதி எழுத்து உதட்டிலேயே கரைந்துவிடும். அவனுக்கு ஒன்றுகூடத் தப்பாது. பல் இல்லாத வாய், பஞ்சு அடைத்த வாய், அச்சுக் கிண்ணத்தைக் கவ்விய வாய் என்று, லேப் வைப்பதற்கு முன் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்த ஏழு வருடம் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. எந்த எழுத்து எங்கே விழும் என்று தெரியும்.

"இதுதான் தகடா?"

"ஆமா அத்தை."

பிடிமானத்துக்குப் பக்கத்தில் குனிந்து படித்தாள். "ரெண்டு பேரும்... போங்க." நிமிர்ந்தாள். "என்ன மாப்ள, வீட்ட விட்டுத் தொரத்தற மாதிரி இருக்கு."

அவன் செட்டைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தான்.

"நடுவுல ஒண்ணும் காணோமே."

"இன்னும் எழுதல."

"ஏன், எடம் பத்தலையா?"

"எடம் இருக்கு."

அத்தை அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நானும் பதினொரு மாசமா யோசிக்கறேன்," என்றாள். "எம் பொண்ணுக்குக் குளுரே ஆகாது. வெயில் காலத்துலயே காலுக்கு சாக்ஸ் போட்டுட்டுத் தூங்கறவ. ஆத்துல கால் வெச்சதில்ல. மீன் வாசன வந்தா மூக்கப் பொத்திக்கிட்டு அடுத்த தெருவுக்கு ஓடுவா. சாகப்போற நேரத்துல ஐஸ் தண்ணியில போய் மீன் பிடிங்கன்னு சொல்லியிருப்பாளா?"

"மச்சான் கேட்டதா சொல்றாரு."

"அவனுக்கு என்ன கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். போர்டு ஒண்ணுதான் வெக்கல, அதையும் இப்ப உங்களச் செய்யச் சொல்லிட்டான். நான் கேக்கறது உங்கள."

மோட்டாரை நிறுத்தினான். செட்டைத் தண்ணீரில் அலசித் துடைத்து நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், போட்டுக்கொள்ளவில்லை.

"வேணாம் அத்தை. மச்சான் தாங்க மாட்டாரு."

"அவன் தாங்குவான். இல்லன்னா வேற ஏதாவது ஆத்தப் பாத்து வெப்பான். அவ என் வயித்துல பொறந்தவ. கடைசியா என்ன சொன்னான்னு எனக்கு மட்டும் கதை சொல்றீங்க எல்லாரும்."

"கேட்டா நல்லா இருக்காது."

"நல்லா இருக்கணும்னு நான் கேட்டனா?"

அவன் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டான். மச்சான் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்று வீடியோ காட்டியதைச் சொன்னான். தான் இந்தப் பக்கம் அவள் முகத்துக்கு மேலே குனிந்து நின்றதைச் சொன்னான். அவள் கையை அசைத்தது ஆசீர்வாதம் இல்லை என்றான். மாஸ்க் போட்ட வாயில் முதலில் விழுவது 'க' என்றான். மச்சானுக்கு அந்த ஒரு எழுத்துதான் கேட்கவில்லை. அப்புறம் அவர் அழ ஆரம்பித்துவிட்டதால் நடுவில் இரண்டு வார்த்தைகளும் போயின.

"எனக்கு முழுசாக் கேட்டுச்சு," என்றான்.

அத்தை மடியிலிருந்த பல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க."

அவள் சொன்னதை, அவள் சொன்ன அதே சலிப்போடு அவன் சொன்னான்.

"காத்து வரட்டும். ரெண்டு பேரும் தள்ளிப் போங்க."