யாருமில்லை என்று திரை சொன்னது

1

இந்தக் கதை என் வெட்கத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது என்னை நல்லவனாக்கி எழுதிவிடுவேன். நான் குடோனில் பெட்டி தூக்குகிற லோடுமேன். முடி நரைத்த பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். கற்றுக்கொடுத்தவள் என் மகள். அதே குடோனுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவளும் அவள்தான்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

‘நடையை மிச்சம் பிடிக்கத் தெரியாதவன் லோடுமேனே இல்லை என்று நான் சொன்னதும், என் மகள் வாயடைத்துப்போய்—’

பொய். நடைக் கணக்கை எனக்குச் சொன்னவள் அவள்தான். [அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். என் வீம்பு எவ்வளவு தூரம் போகும் என்று நீங்களும் பாருங்கள்.]

2

நடந்தது இது. காலையில் கேட்டில் அட்டையைத் தேய்த்தால், அந்த ஷிஃப்ட் ஆட்கள் எல்லோருடைய பெயரும், பெயருக்கு நேராக அவரவர் வீட்டாரும் திரையில் வரவேண்டும். வரும். ஆனால் ஆடி அசைந்து வரும். அதற்குள் வரிசை தெருவுக்குப் போய்விடும்.

ஒட்டகம் சும்மா இருக்கமாட்டான். (கழுத்து நீளம், அதனால் அந்தப் பெயர். என்னோடு ஒரே தள்ளுவண்டியைத் தள்ளுகிறவன்.)

“என்னண்ணே, உங்க பொண்ணு எழுதினதாமே? உள்ள போறதுக்குள்ள எனக்கு வயசாயிடும் போலிருக்கு.”

“வாய மூடிட்டு நில்லுடா.”

“நிக்கத்தானேண்ணே சொல்லுது உங்க பொண்ணு!”

வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பை வீட்டுக்குச் சுமந்துபோய் மகள் தலையில் இறக்கினேன்.

“எல்லாரும் சிரிக்கிறாங்க. அப்படி என்னதான் செய்யுது அது?”

“அப்பா, அது முதல்ல ஒரு தடவ போயி ஆளுங்க பட்டியல எடுத்துட்டு வருது. அப்புறம் ஒவ்வொரு ஆளுக்கும் திரும்பப் போயி, வீட்டுல யார் யாருன்னு கேட்டுட்டு வருது. ஆளுக்கு ஒரு நடை. நீங்க ஒரு லாரிப் பெட்டிய ஒவ்வொண்ணா தூக்கிட்டு வருவீங்களா?”

“வண்டியில அடுக்கி ஒரே நடையில கொண்டாருவேன்.”

“அதேதான். ஆளையும் வீட்டாரையும் சேத்து ஒரே கேள்வியா கேக்கணும். மாத்தி எழுதி, சரி பாக்க ஒரு வாரமாவது ஆகும்பா.”

“ஒரு வாரமா? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வரிசையில நிக்கிறது?”

கம்ப்யூட்டரைத் திறந்தாள். “சரி. இப்போதைக்கு வீட்டாரை எடுக்க வேணாம்னு விட்டுடறேன். தேவைப்படும்போது எடுத்துக்கலாம்.”

மறுநாள் கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்தது. ஒட்டகம் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

3

(எழுதுவதிலும் இதே தொல்லைதான். ஒரு ஆளைக் கதைக்குள் கூப்பிட்டால் அவன் பின்னால் வீடே வந்து நிற்கிறது. எல்லோரையும் ஏற்றினால் வண்டி நகராது. அதனால் என் மனைவியை இதுவரை கூப்பிடவில்லை. இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து அறையில் துணி மடிக்கிறாள்.

“என்ன எழுதறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

அவளிடமும் சொல்லவில்லை.)

4

அந்த வாரமே பெட்டி அடுக்கு சரிந்து ஒட்டகத்தின் பாதத்தில் விழுந்தது. தலையும் தரையில் மோதி நினைவில்லாமல் கிடந்தவனை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். கூடப்போன மேஸ்திரி ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டுக்குப் போன் செய்தார். அவர் வேலைக்குப் புதிது. ஆபரேஷனுக்கு வீட்டார் கையெழுத்து வேண்டுமாம், யாருக்குச் சொல்வது?

கிளார்க் திரையைப் பார்த்தார். “வீட்டார் யாருமில்லைன்னு போட்டிருக்கே.” கேட்டருகே நின்றிருந்த என் பக்கம் திரும்பினார். “நீங்க கூட வேலை பாக்கறவர்தானே? நிஜமாவே யாருமில்லையா?”

நானும் எட்டிப் படித்தேன். எழுத்துக் கூட்டி. யாருமில்லை.

அன்று மதியம்கூட அவன் மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் கை வைத்தவன் நான். படிப்பு வராத காலமாக இருந்தால், ‘என்ன சார், பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கா’ என்று கத்தியிருப்பேன். படிக்கத் தெரிந்ததால் சந்தேகம் வந்தது. எழுத்தில் இருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று—

[இது பாதி உண்மை. மீதி: திரை தப்பு என்றால் என் மகள் தப்பு. கிளார்க் முன்னால் அதை என் வாயால் சொல்லவேண்டும்.]

“அப்படித்தான் போட்டிருக்கு சார்,” என்றேன்.

ஆளில்லாதவனுக்குப் பெரிய டாக்டர்தான் கையெழுத்துப் போடவேண்டுமாம். அவர் வரும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் பாதம் கறுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். அவன் கண் திறந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. வேலை விட்டும் புருஷன் வரவில்லையே என்று அவன் மனைவி தானாகத்தான் குடோனைத் தேடி வந்தாள்.

5

“கொண்டு வரலைங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணாத் தெரியற மாதிரி எழுதிட்டேன்பா,” என்றாள் மகள். “எடுக்காம விட்ட இடம் காலியா இருந்துச்சு. காலியா இருந்தா யாருமில்லைன்னு போடுன்னு நானே எழுதி வெச்சிருந்தேன்.”

இப்போது ஒரே நடையில் ஆளோடு வீட்டாரும் வருகிறார்கள். மேலாளரிடம் தன் தப்பை அவளே எழுதிக் கொடுத்தாள். ஒட்டகத்தின் மனைவியிடம் போய் நேரிலும் சொன்னாள். நான் அவசரப்படுத்தியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிளார்க் என்னைக் கேட்டது அவளுக்கே தெரியாது.

6

முடிவு ஒன்று: நான் ஒட்டகத்தின் மனைவியிடம் போய்ச் சொல்கிறேன், அவள், “போகட்டும்ணே,” என்கிறாள். எழுதிப் பார்த்தேன். மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது என்ன பிழைப்பு?

முடிவு இரண்டு: செருப்பைக் கழற்றுகிறாள். அதுவும் எனக்கு வசதிதான். அடி வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

நிஜத்தில், நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, நீங்க மட்டும் அப்ப கேட்டுல இருந்திருந்தா இப்படி ஆக விட்டிருக்கமாட்டீங்க.”

நான் தலையை ஆட்டினேன்.

நாளை இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டவேண்டும். ஒட்டகமும் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். நான்காம் பகுதி வரும்போது நிறுத்தாமல் படிப்பேனா, இல்லை, இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவேனா?

எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நேரம் என்னோடு இருந்தவர் நீங்கள். நீங்கள் சொல்லுங்கள்.