இலை மாறிய நாற்றுகள்

மே மாதம் பிறந்தும் மின்னசோட்டாவில் குளிர் முழுசாக விட்டபாடில்லை. வெர்னா பேஸ்மென்டில் விளக்கு வெளிச்சத்தில் வளர்த்த தன் தக்காளி நாற்றுகளைத் தூக்கிவந்து, பின்வாசல் படியில் வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தாள். முதலில் கொஞ்ச நேரம் நிழலில், போகப் போக வெயிலிலும் காற்றிலும், சாயங்காலமானால் உள்ளே. அவசரப்பட்டு நட்டால் இலை வெந்துவிடும்.

செத்துப்போன அம்மா விட்டுப்போன விதை அது. மற்றத் தக்காளியைப் போல இலை ஓரம் வெட்டுப்பட்டிருக்காது. உருளைக்கிழங்கு இலை மாதிரி அகலமாக இருக்கும். அந்த விதையை வெர்னா வெளியாள் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஒருநாள் நூலக வேலை முடிந்து வந்து நாற்றுத் தட்டை உள்ளே தூக்கும்போதுதான் பார்த்தாள். நடுவரிசையில் சில நாற்றுகளின் இலை வெட்டு வெட்டாக இருந்தது. மண்ணும் அவளுடையதில்லை. கடை நாற்றோடு வருகிற, வெள்ளைத் துகள் கலந்த மண்.

கணவன் ஆரினிடம் சொன்னாள். விதை கலந்திருக்கும் என்றான் அவன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். விதை கலக்கும், மண்ணுமா கலக்கும் என்று கேட்டாள். அவன் பக்கத்தைப் புரட்டினான்.

சந்தேகம் பக்கத்து வீட்டு ராய்ஸ் மேல் போனது. போன கோடையில் வேலியோரம் நின்று அந்த விதையைக் கேட்டு, வெறுங்கையோடு திரும்பியவன் அவன். வெர்னா சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவன் சிரித்துக் கையாட்டியதுகூட உள்ளர்த்தத்தோடு இருப்பதாகத் தோன்றியது. அந்த வாரக் கடைசியில் தட்டில் இன்னும் சில நாற்றுகள் மாறியிருந்தன. நேரே வேலிக்குப் போய்க் கேட்டுவிட்டாள்.

"என் நாத்தெல்லாம் காணாமப் போகுது ராய்ஸ். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

ராய்ஸ் கையில் இருந்த மண்ணை மெதுவாகத் தட்டினான். "அதான் திரைக்குப் பின்னாடி நின்னு என்னை வேவு பாத்தீங்களா? உங்க நாத்து உங்க வீட்டு வண்டியிலதான் போகுது. நீங்க வேலைக்குக் கிளம்பினதும் அதுவும் கிளம்பிடுது."

தன்னைத் திசைதிருப்பப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனாலும் போய் ஆரினுடைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் துகள் சிந்திக் கிடந்தது. திரும்பி வந்து ராய்ஸிடம் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றான். அதற்கப்புறம் அவன் கையாட்டுவதில்லை.

சாப்பாட்டு மேசையில் ஆரினைக் கேட்டாள். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"மாரிட்டுக்குக் குடுத்தேன்."

மாரிட் வெர்னாவின் தங்கை. அம்மா வீட்டை விற்றபோது வந்த சண்டைக்குப் பிறகு, பக்கத்து ஊரில் இருந்தும் இருவருக்கும் பேச்சில்லை. மாரிட் பங்கு விதை பூஞ்சணம் பிடித்துப்போனதாம். ஆரினுக்கு ஃபோன் செய்து அழுதாளாம். எடுத்த இடம் தெரியாமலிருக்க அவன் கடை நாற்றை வாங்கி வைத்தானாம்.

"எங்கிட்டக் கேக்கறதுக்கென்ன?"

"கேட்டா நீ குடுத்திருப்பியா?"

வெர்னா எழுந்து பாத்திரங்களை எடுத்துவைத்தாள். நாற்று போனதைவிட, தன் முதுகுக்குப் பின்னால் அவர்கள் பேசிக்கொண்டிருந்ததுதான் உறுத்தியது. எத்தனை நாளாக? வேறென்ன பேசினார்கள்?

மறுநாள் காலை மாரிட் வீட்டுக்கு வண்டியை ஓட்டினாள். என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ஆனால் தோட்டத்தைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. நாற்றுகள் வெட்டவெளியில் நடப்பட்டு, இலைகள் காகிதமாக வெளுத்து நின்றன. மாரிட் ஓடிவந்து பாத்திக்கு முன்னால் மறித்து நின்றாள்.

"திரும்பப் பிடுங்கிட்டுப் போக வந்தியா?"

"இதுங்க இன்னும் நிழலை விட்டே சரியா வெளிய வரலடி. அதுக்குள்ள யாரு உன்னை நடச் சொன்னா? ஆரின் ஒண்ணும் சொல்லலியா?"

"தண்ணி ஊத்துன்னான். அவ்வளவுதான்."

குச்சி நட்டு, பழைய படுக்கை விரிப்பைக் கட்டி நிழல் போட்டார்கள். மாரிட் கடைசிவரை வெர்னாவின் கையிலேயே கண் வைத்திருந்தாள். ஒன்றிரண்டு செடி போயே போய்விட்டது. மற்றவற்றின் குருத்தில் பச்சை இருந்தது. காபி வந்தது, வெர்னா முற்றத்தில் நின்றபடியே குடித்தாள். மிச்ச நாற்றுகள் பழகியதும் பாதியைக் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

"நீயே வருவியா, ஆரினை அனுப்புவியா?"

"நான்தான் வருவேன்."

சொன்னபடியே வந்தாள். தண்டு பாதி புதைகிற அளவுக்கு ஆழமாகக் குழி தோண்டி இருவரும் நட்டார்கள். அம்மா வீட்டுப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஆரின் வாசலிலேயே காத்திருந்தான்.

"என்ன சொன்னா?"

"உங்கிட்டதான் எல்லாம் சொல்றாளே. அவளையே கேளு" என்று சொல்லிவிட்டு வெர்னா கை கழுவப் போனாள்.