ஒரு குடம் நல்ல தண்ணீர்

திங்கட்கிழமை காலை ரேணுகாம்பாள் அறிவியல் கூடத்தின் பூட்டைத் திறந்தபோது நாற்றம் அடிக்கவில்லை. ஆறு வாரமாக அந்த அறைக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். தலைமை ஆசிரியை தங்கம்மாள் ஒருநாள் காலை வணக்கக் கூட்டத்திலேயே அதைப் பற்றிச் சாடையாகப் பேசியிருந்தார். பாசியும் கருவாடும் உப்பும் கலந்த அந்த வாடை ரேணுகாம்பாளுக்கு மட்டும் வேண்டியதாக இருந்தது. கதவைத் திறந்ததும் அது வந்து முகத்தில் மோதினால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கீழ்பென்னாத்தூரில் மாமனார் திவசம் என்று மூன்று நாள் போய்விட்டு வந்திருக்கிறாள். ஐம்பது பேருக்கு ஆக்கிப் போட்டு, பாத்திரம் கழுவ ஆளில்லாமல் அதையும் கழுவி, முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த உடம்பு. சாவியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் பரப்பியிருந்த மணலை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. ஐந்து சங்குகளும் காலியாகக் கிடந்தன. அவற்றுக்கு வெளியே, வெளிறிய மெத்தென்ற உடம்பைக் காட்டிக்கொண்டு, ஐந்து துறவி நண்டுகளும் அசையாமல் கிடந்தன.

பாடப்புத்தகத்தில் அதற்கு அதுதான் பெயர். தனக்கென்று முழு ஓடு இல்லாமல், செத்துப்போன பிராணியின் சங்கில் குடியேறி, அதையும் இழுத்துக்கொண்டு திரிகிற நண்டு. துறவிகளுக்குப் பஞ்சமில்லாத ஊருக்கு இன்னும் ஐந்து பேர் வந்துவிட்டார்கள் என்று ஆசிரியைகள் அறையில் சிரித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அவற்றைச் சாமியார் என்றே கூப்பிட்டார்கள்.

மே மாதம் பரங்கிப்பேட்டையில் ஆசிரியர்களுக்குக் கடல் உயிரியலில் பத்து நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தபோது பள்ளியில் யாரும் அதைச் சீண்டவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷத்து வெயிலில் லீவை விட்டுக்கொடுத்து யார் போவார்கள்? ரேணுகாம்பாள் பத்தொன்பது வருஷமாகப் பவளப் பாறையைச் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தவள். "கடலப் பத்திப் படிச்சி இந்த ஊர்ல இன்னா பண்ணப்போற?" என்று கணவர் சகாதேவன் கேட்டார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கே முழங்கால் சேற்றில் நடந்தாள். பழைய வாயில் துணிப் புடவையைக் கிழித்து வலை தைத்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பிடித்து நுண்ணோக்கியில் பார்த்தாள். பத்து நாளும் அவளிடம் யாரும் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

கடைசி நாள் ஓர் அறிவிப்பு வந்தது. டிசம்பரில் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் இரண்டாவது முகாம். படகில் தீவுக்குப் போய்ப் பவளப் பாறையை நேரிலேயே பார்க்கலாம். முப்பது பேரில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். இங்கிருந்து கொண்டுபோகும் உயிர்களை ஜூலை முப்பத்தொன்றுவரை பள்ளியில் உயிரோடு வைத்திருந்து, தினமும் குறிப்பெழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு அனுப்புகிறவர்களுக்கு முதல் உரிமை. அந்த நோட்டு எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த இளம் விஞ்ஞானி, "செத்துப்போனா செத்துப்போச்சுன்னே எழுதுங்க. இல்லாதத எழுதினா அப்புறம் மத்ததையும் நம்ப முடியாது" என்றார். ரேணுகாம்பாள் இரண்டு கேன் கடல் தண்ணீரும் ஐந்து நண்டுகளுமாக மூன்று பஸ் மாறி ஊர் வந்து சேர்ந்தாள். விழுப்புரத்தில் ஒரு கண்டக்டர் கேனில் கடல் தண்ணீர் என்று கேட்டதும் மூடியைத் திறக்கச் சொல்லி, விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தப் படகுதான் அவளுக்கு நினைப்பு. விடிகாலை குழாயடி வரிசையில் நிற்கும்போதும், இரவு சகாதேவனுக்குக் கால் அமுக்கும்போதும் அதே நினைப்பு. தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டே வெகு காலம் ஆகியிருந்தது.

இப்போது கேனிலிருந்த மிச்சக் கடல் தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றி, நண்டுகளை ஒவ்வொன்றாக அதில் எடுத்து விட்டாள். முதல் மணி அடிக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால்கூட அசையவில்லை.

"பாத்தீங்களா டீச்சர், தொட்டி எப்பிடி கீதுன்னு!"

வாசலில் ஜோதியம்மாள் துடைப்பத்தோடு சிரித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற ஆயா. நான்கு வருஷமாகத் தற்காலிகம். ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லி மூன்று நாளும் சாவியை அவளிடம்தான் ரேணுகாம்பாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நண்டுகளுக்கு நெத்திலிக் கருவாடு கிள்ளிக்கொண்டு வருவதும் அவள்தான். மதியச் சோற்றைக்கூடத் தொட்டிப் பக்கம் உட்கார்ந்துதான் தின்பாள்.

"தண்ணி மாத்தனது யாரு ஜோதிம்மா?"

"நான்தாங்க. நேத்து சாயங்காலம் வந்து பாத்தா ஒரே கொழகொழன்னு கெடந்துச்சு. நீங்களும் பாவம், தண்ணிக் கஷ்டத்துல தெனம் ஒரு டம்ளர்தான் ஊத்துறீங்க. அஞ்சு ஜீவனுக்கு அது ரொம்ப கம்மி இல்லீங்களா? வேங்கிக்கால் பம்புசெட்டுல ஒரு கொடம் கெடச்சுது. வூட்டுக்குக்கூட எடுத்தும்போவல, நேரா இங்கதான் எடுத்தாந்தேன். பழசெல்லாம் மொண்டு வேப்பங்கன்னுக்கு ஊத்திட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நல்ல தண்ணி பட்டதும் ஒண்ணொண்ணா சங்க வுட்டு வெளிய வந்துச்சுங்க டீச்சர். சட்டையக் கழட்டிப் போட்டுட்டுக் குளிக்க எறங்குமே கொயந்தைங்க, அந்த மாதிரி. எனக்குச் சிரிப்பு தாங்கல. இப்போ தூங்குதுங்களா?"

ரேணுகாம்பாளுக்குத் தொண்டைவரை ஒரு கத்தல் வந்தது. யாரைக் கேட்டு, யாரைக் கேட்டு என்று கேட்க வேண்டும். வேங்கிக்கால் ஏரி வெடித்துக் கிடக்கிறது. அங்கிருந்து இங்கே இடுப்பில் குடத்தோடு வருவதென்றால் முக்கால் மணி நேரம். நேற்று ஜோதியம்மாள் வீட்டில் எதை வைத்துச் சோறாக்கினார்களோ? கத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அது கீழ்பென்னாத்தூர்ப் பாத்திரங்களோடு போய்விட்டது.

"தூங்கட்டும்" என்றாள்.

மத்தியானம் தலைமை ஆசிரியையிடம் போய், நண்டுகள் செத்துவிட்டன என்று சொன்னாள். தங்கம்மாள் கெட்டவர் இல்லை. நாற்றம் ஒழிந்ததில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதியை மறைத்துக்கொண்டு நோட்டை வாங்கிப் புரட்டினார். நாற்பத்துச் சொச்சம் நாள், ஊருக்குப் போன மூன்று நாள் தவிர ஒவ்வொரு நாளும் நீர்மட்டம், வெப்பநிலை, உயிருடன் உள்ளவை: ஐந்து.

"இன்னும் பதிமூணு நாளுதானேம்மா? அஞ்சுன்னே எழுதிக்கிட்டுப் போங்க, நான் கையெழுத்துப் போட்டுர்றேன். பரங்கிப்பேட்டையிலேருந்து யாரு வந்து எண்ணப் போறாங்க?" பிறகு நிமிர்ந்தார். "ஆமா, எப்பிடிச் செத்துச்சு? அந்த ஆயா ஏதாச்சும் பண்ணிட்டாளா? அவளப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி லெட்டர் எழுதணும்னு இருந்தேன். இந்த மாதிரின்னா யோசிக்கணும்."

"பாத்துட்டுச் சொல்றேங்க" என்று நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைசி மணிக்கு அவளுக்கு வகுப்பில்லை. அறிவியல் கூடத்தில் தனியாக உட்கார்ந்தாள். வெளியே மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பச்சை என்று சொல்ல ஒரு பொட்டு இல்லை. அஞ்சு என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. படகும் கிடைக்கும், ஜோதியம்மாளுக்கு வேலையும் கிடைக்கும். பேனாவைத் திறந்து ஐந்து என்று எழுதத்தான் நினைத்தாள். முந்தைய பக்கத்தில் இருந்த ஐந்துகளைப் பார்த்தாள். அத்தனையும் நிஜமான ஐந்து, ஒவ்வொரு காலையும் மூக்கைத் தொட்டியருகே கொண்டுபோய் எண்ணி எழுதியது. அவள் வாழ்க்கையில் யாரும் கேட்காமல், தானே ஆசைப்பட்டுச் செய்த ஒரே வேலை.

வெயிலுக்குத் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு போகாது. அதனால் குறைந்த அளவுக்கு மட்டும் தினம் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. இதைத் தொண்ணூறு பெண்களுக்கு விளக்கியிருக்கிறாள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உயிருடன் உள்ளவை: இல்லை, என்று எழுதினாள். இறப்பின் காரணம் என்று இருந்த கட்டத்தில், 'நன்னீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தது. அளவைச் சொல்லிவிட்டுப் போகாதது ஆசிரியையின் தவறு' என்று எழுதினாள். மை காயும்வரை நோட்டை மூடாமல் வைத்திருந்தாள். டிசம்பர் மாதம் மண்டபத்தில் பன்னிரண்டு பேர் படகில் ஏறுவார்கள். அழுகை வரும் என்று பார்த்தாள், கொட்டாவிதான் வந்தது.

பள்ளி விட்டு மைதானம் அடங்கியபின் ஜோதியம்மாள் வந்தாள். இடுப்பில் குடம், அந்தப் பக்கத்துப் புடவையெல்லாம் நனைந்திருந்தது.

"இன்னிக்கும் ஒரு கொடம் கெடச்சுது டீச்சர். ஊத்திரட்டுமா? எழுந்துதுங்களா?"

"இருங்க ஜோதிம்மா."

ரேணுகாம்பாள் எழுந்து பேசினை நகர்த்தினாள். கேனைச் சாய்த்து, அடியில் மிச்சமிருந்த கடல் தண்ணீரை ஒரு கரண்டி அளவுக்குத் தன் உள்ளங்கையில் ஊற்றினாள்.

"இதத் தொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க. இதுலதான் அதுங்க பொறந்துது."

ஜோதியம்மாள் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது. இன்னொரு தடவை தொட்டு வைத்தாள். இந்த முறை சுளிக்கவில்லை. கண்ணாடித் தொட்டியின் தெளிந்த தண்ணீரைப் பார்த்தாள், பேசினில் கிடந்த வெளிறிய உடம்புகளைப் பார்த்தாள். குடத்தைக் கீழே இறக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ரேணுகாம்பாள் ஜன்னல் கட்டையிலிருந்த டம்ளரை எடுத்தாள். தினமும் அளந்து ஊற்றும் அதே டம்ளர். ஜோதியம்மாளின் இடுப்பிலிருந்த குடத்துக்குள் கையை விட்டு ஒரு டம்ளர் மொண்டு, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைந்தது. மறுபடியும் டம்ளரைக் குடத்துக்குள் விட்டாள்.