மிதிக்கு மேலே நிற்கும் கால்

சட்டையின் கழுத்துப்பட்டையைப் பலகையில் விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, வலது காலால் மிதியை அமுக்கினால் மேல்தகடு புஸ்ஸென்று இறங்கும். கழுத்துக்கு ஒரு மிதி, கைகளுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. ஒரு ஷிப்டுக்கு நானூறு சட்டை. ஒவ்வொரு தடவையும் காலைத் தரையில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தால் முந்நூறைத் தாண்டாது. அதனால் அந்த மெஷினில் நிற்பவள் வலது காலைக் கீழேயே வைப்பதில்லை. மிதிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, மொத்த உடம்பையும் இடது காலில் ஏற்றி நிற்பாள். அந்தச் சலவைக்கூடத்தில் மிதி வைத்த மெஷின் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பொத்தான்.

மிதியின் ரப்பரில் ஒரு பாதம் பதிந்திருந்தது. நீளமான, ஒல்லியான பாதம். இப்போது நிற்கிற இஸ்திரிக்காரியின் பாதம் குட்டை. பதினோரு வருஷம் அங்கே நின்றவள் வேறொருத்தி. ஒற்றைக்காலில் நின்றே காலம் தள்ளியதால் அவளுக்குக் கொக்கு என்று பெயர். அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

"என்னடி, சின்னக் கொக்கு! மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப்போச்சு?" என்றாள் பக்கத்து மேசையில் சட்டை மடிக்கிற வாயாடி.

"வாயை மூடு. அந்தப் பேரைச் சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அட, கோவத்தைப் பாரு! உனக்கும் அவளுக்கும் என்ன வாய்க்கால் தகராறா?"

தகராறு ஒன்றும் இல்லை. அதுதான் இஸ்திரிக்காரியை உறுத்தியது. கால் எரிகிறது, வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று கொக்கு கேட்டபோது, சூப்பர்வைசர் இவளைத்தான் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். அவளுக்கு நிஜமாகவே வலியா, நடிக்கிறாளா என்று கேட்டார். இவள் யோசிக்கவே இல்லை. "எனக்கென்ன சார் தெரியும்? ஸ்டூல்ல உட்காரச் சொன்னா ஐயோ அம்மாங்கறா. பஸ்ஸைப் பார்த்தா விறுவிறுன்னு நடந்து போறா." அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாரம் கொக்கு இல்லை. மெஷின் இவள் கைக்கு வந்தது.

இப்போது ஆவி எழும்பும்போதெல்லாம் பின்னால் யாரோ உயரமாக நிற்பது போலிருக்கும். திரும்பினால் துணி வண்டிதான் நிற்கும். ஆனால் இடுப்பில் மின்னல் போல வலி வெட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் கொக்கு நிற்கிறாள் என்று இஸ்திரிக்காரிக்குத் தெரிந்துவிடும். பிறகு வலி இறங்கும். இடுப்பில் கிளம்பி, பிட்டத்தைத் துளைத்து, வலது தொடையின் பின்பக்கமாக ஓடி, கெண்டைச் சதையைப் பிழிந்து, சுண்டுவிரலில் போய் நிற்கும். தும்மினால் உயிர் போய் உயிர் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சட்டையை விரிப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவளைப் புருஷன் ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன புது ஃபேஷனா? ஒத்தைச் செருப்போட வர்றே?"

"ரெண்டும்தானே போட்டிருக்கேன்."

"குனிஞ்சு பாரு, மகாராணி."

குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. பாதம் முழுக்கத் தெருப்புழுதி. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்தோம், ஒன்றும் தெரியவில்லை. குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு கூடக் குத்தியிருந்தது. அவன் அதைப் பிடுங்கி எடுத்தபோது கேலி நின்றுவிட்டது. "நாளைக்கே டாக்டர்கிட்டப் போறே. பேச்சுக்கே இடமில்லை" என்றான்.

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு கைரோபிராக்டர் இருந்தார். பெயர்ப்பலகையில் இருந்த அந்த வார்த்தை சலவைக்கூடத்தில் எவர் வாயிலும் நுழையாததால், 'நெட்டி முறிக்கிற டாக்டரம்மா' என்றே சொல்லிக்கொண்டார்கள். நடுத்தர வயது, அகலமான கைகள். முதலில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நேரா நில்லுங்க."

நின்றாள்.

"நேரா."

"நேராத்தானே நிக்கிறேன்."

டாக்டரம்மா சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடி முன்னால் அவளைத் திருப்பி நிறுத்தினாள். இடது இடுப்பு பிதுங்கி, தோள் ஒரு பக்கம் சரிந்து, வலது பாதம் தரையைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நின்றுகொண்டிருந்தது. கீழே வை என்று மனசு சொல்லியும் அது உடனே இறங்கவில்லை.

"இதே மாதிரி ஒருத்தங்க இங்க வந்து நின்னாங்க" என்றாள் டாக்டரம்மா. "நாலு தடவை வந்தாங்க. வேலை போயிடுச்சு, கம்பெனி குடுத்த வைத்திய அட்டை இனிமே செல்லாதுன்னு சொன்னாங்க. அப்புறம் வரலை."

இஸ்திரிக்காரி கண்ணாடியில் தனக்குப் பின்னால் பார்த்தாள். அறை காலியாகத்தான் இருந்தது.

படுக்க வைத்துக் காலை நிமிர்த்தித் தூக்கியபோது பாதி உயரத்திலேயே அலறினாள். பெருவிரலை மேலே தள்ளச் சொன்னபோது தள்ள முடியவில்லை. டாக்டரம்மா முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்தி வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்கிருந்து கிளம்பி பாதம் வரைக்கும் போகுது ஒரு நரம்பு. உடம்புலயே தடிமனானது அதுதான். கணுவுக்கு நடுவுல இருக்கற மெத்தை பிதுங்கி அதோட வேரை அழுத்துது. கோளாறு இடுப்புல, வலி கால்ல. என் கையால இறுக்கத்தைத் தளர்த்தலாம், வலியைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனா திரும்பப் போய் அந்த மிதி மேல நின்னீங்கன்னா நான் செய்யறதெல்லாம் வீண். பாதம் தொங்கிப்போச்சுன்னாலோ, சிறுநீர் வர்றதே தெரியலைன்னாலோ, இங்க வராதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

"ஓடவா?" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இந்த வலி இருக்கறவங்க வேகமா நடப்பாங்களா?"

"சிலர் நல்லா நடப்பாங்க. உட்கார்ந்தாதான் உயிர் போகும், நடந்தா கொஞ்சம் குறையும். பார்க்கறவங்க நடிப்புன்னு நெனச்சுக்குவாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டரம்மா பக்கவாட்டில் புரட்டி, முழங்காலை மடக்கி, மூச்சை விடச் சொல்லி ஒரு அழுத்து அழுத்தினாள். கீழ்முதுகில் சொடக்கு விழுந்தது. மாதக்கணக்கில் கெட்டித்துக் கிடந்த ஏதோ ஒன்று விட்டது. இஸ்திரிக்காரி அழுதாள். அதற்காக அழவில்லை என்று அவளுக்கே தெரியும்.

வேலையை மாற்றச் சொல்லி டாக்டரம்மா கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனாள். வெளியே நின்ற வாயாடி மேல் சூப்பர்வைசர் ஒரு தடவை கண்ணை ஓட்டினார். இவள் நடிக்கிறாளா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார் என்று இஸ்திரிக்காரி நினைத்தாள். ஆனால் அவர் கேட்கவில்லை. கடிதத்தை நிதானமாக மடித்து வைத்தார்.

"உங்களைக் கஷ்டப்படுத்த எனக்கென்ன ஆசையாம்மா? மடிக்கிற மேசைக்குப் போங்க. நாளைக்குப் புதுசா ஒரு பொம்பளை வருது. ரெண்டு நாள்ல கத்துக்குடுங்க. நானூறு வரணும். வரலைன்னா நீங்கதான் திரும்ப நிக்கணும், வேற ஆள் இல்லை."

"சார், அந்த மிதியை மாத்திட்டுப் பொத்தான் வெச்சா..."

"மெஷின் நல்லாத்தானேம்மா ஓடுது?"

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். ரெண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கை சுத்தம், சட்டை மேல் ஒரு சுருக்கம் விடுவதில்லை. இஸ்திரிக்காரி விரிக்கக் கற்றுக்கொடுத்தாள், நீவக் கற்றுக்கொடுத்தாள், தகட்டில் விரல் படாமல் இழுக்கக் கற்றுக்கொடுத்தாள். காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. புதியவள் ஒவ்வொரு மிதிக்கும் காலைத் தரையில் வைத்து எடுத்தாள், மனுஷர் நிற்பது போல நின்றாள். முதல் நாள் இருநூற்று எண்பது.

இரண்டாம் நாள் மதியம் வரைக்கும் அந்தக் கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் இஸ்திரிக்காரியைப் பார்த்து, விரலால் மெஷினைக் காட்டினார். ஆவி எழும்பியது. யாரோ முதுகுக்குப் பின்னால் உயரமாக வந்து நின்றார்கள். இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது பாதத்தை உணர முயன்றாள், பாதி பாதம்தான் இருந்தது.

"அக்கா," என்றாள் புதியவள், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "கை வேகமாத்தான் போகுது. எங்கயோ நேரம் போகுது, எங்கேன்னு தெரியலை. நீங்க எப்படித்தான் நானூறு போட்டீங்க? சொல்லுங்கக்கா. எனக்கு இந்த வேலை போச்சுன்னா வேற போக்கிடம் இல்லை."

"எனக்கு மட்டும் இருக்கா?" என்றாள் இஸ்திரிக்காரி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் அவளுக்கே கேட்டது.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். பாதி குனிந்ததுமே மின்னல் வெட்டியது. அப்படியே முழங்காலிட்டு, மெஷினுக்கடியில் கையை விட்டு, புதியவளின் வலது கணுக்காலைப் பிடித்தாள். பாதம் வெதுவெதுப்பாக, சுலபமாக வந்தது. மிதிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நிறுத்தினாள்.

"கீழே வைக்காதே. இங்கேயே நிக்கட்டும்."

தகடு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது.

"அட, இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா!" என்று புதியவள் மேலேயிருந்து சிரித்தாள். அடுத்த சட்டையை விரித்தாள். கொஞ்ச நேரத்தில் கால் களைத்துத் தரைக்கு இறங்கப் பார்த்தது. கீழே முழங்காலிட்டிருந்தவள் பிடியை விடவில்லை.