அப்பாவு வீட்டுக் கூண்டில் விழுந்த புயல்

ராயபுரம் கடலோரக் குடிசைகளில் எல்லார் வீட்டுக் கூண்டிலும் கோழி இருந்தது, சிலர் வீட்டில் கிளி இருந்தது, அப்பாவு வீட்டுக் கூண்டில் மட்டும் புயல் இருந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம் ஐப்பசியில், ஒரு மத்தியானம், அது வந்து விழுந்தது. அதற்கு முன்னால் வந்த இரண்டு புயல்கள் அவன் கூரையை இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போயிருந்தன. முதல் கூரை திருவொற்றியூரில் ஒரு புளியமரத்தில் தொங்கியது. இரண்டாவதைக் கண்டவர் யாரும் இல்லை. அந்த இரண்டாம் தடவை, நனைந்த பாயில் குந்திக்கொண்டு, அவன் பெண்சாதி சொக்கம்மாள் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தபா கூரை பறந்துச்சுன்னு வெச்சுக்கோ, புழல்ல எங்க அண்ணாத்தே வூட்டுக்குப் போய்டுவேன். அப்பால நீயாச்சு, உன் வானமாச்சு." அவள் சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டுக்குக் கூரை எதற்கு என்று அப்பாவு நினைத்தானே தவிர வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மாதிரிப் பேச்செல்லாம் அவனுக்கு வராது.

அவன் துறைமுகத்தில் கரி இறக்குகிறவன். தராசை நம்ப மாட்டான், மேஸ்திரியை நம்ப மாட்டான், பேப்பரில் வருகிற சேதியை நம்பவே மாட்டான். புயல் வருகிறது என்றால் துறைமுகத்துக் கொடிமரத்தில் கூண்டு ஏற்றுவார்கள். கப்பல்காரனுக்கு எச்சரிக்கை என்பார்கள். எச்சரிக்கைக்கு மணி அடித்தால் போதாதா, கூண்டு எதற்கு என்று கேட்டான் அப்பாவு. கூண்டு என்று இருந்தால் எதையோ பிடிக்கத்தான். கூண்டு ஏற்றியும் பாதித் தடவை புயல் ஊருக்கு வருவதில்லை. நெல்லூர்ப் பக்கம் கரையேறியது என்று பேப்பரில் போடுவார்கள். பிடித்து உள்ளே வைத்துக்கொண்டு நெல்லூர் மேல் பழி போடுகிறார்கள் என்பது அவன் முடிவு.

ஆகவே அந்த வருஷம் வீட்டை இறுக்கினபோது ஒரு கூண்டையும் சேர்த்துக்கொண்டான். இடுப்பளவு தோண்டிச் சவுக்குக் கம்பங்களை நட்டான். கூரையைத் தாழ்த்தி, நாலு பக்கமும் சரிவாக இறக்கி, கம்பத்தோடு தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினான். பக்கத்து வீட்டுக் கட்டுமரக்காரன் மண்ணாங்கட்டி ஒரு கிழிந்த வலை கொடுத்தான். அதைக் கீற்றின் மேல் விரித்து, ஓரமெல்லாம் கருங்கல் கட்டித் தொங்கவிட்டான். வீட்டை ஒட்டி நின்ற முருங்கையை மொட்டையடித்தான். கடல் பக்கத்துக் கதவுக்குக் கள்ளிப்பெட்டிப் பலகை அடித்தான். கடைசியில் மூங்கில் பிளாச்சில் ஒரு கூண்டு முடைந்து, எலிப்பொறி மாதிரி உள்பக்கம் மட்டும் திறக்கிற கதவு வைத்து, கூரை உச்சியில் கம்பு நட்டு ஏற்றினான்.

"இன்னா மாமு, உள்ள தவுடு வெச்சியா? பசியோட வரப்போவுது" என்றான் மண்ணாங்கட்டி.

"போடா கஸ்மாலம், உன் வூட்டுக்கும் சேத்துதான் புடிக்கிறேன்."

துறைமுகத்தில் கூண்டு ஏறின சேதி கேட்டு, சொக்கம்மாளின் அண்ணன் சுப்பராயன் புழலிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். "தப்பா நெனச்சுக்காதே மாப்ளே. பறந்தா இட்டுகினு போறேன். பறக்கலைன்னா ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போறேன்" என்றான். மாடுகளையும் உள்ளேயே கட்டினார்கள். சோற்று நேரத்துக்கு வானம் கரி மூட்டை மாதிரி இறங்கியது. வலை முறுக்கியது, கற்கள் சுவரில் முட்டின, கம்பங்கள் முனகின. கூரை ஒரு சாண் எழும்பி, யோசித்து, திரும்ப உட்கார்ந்தது. உச்சியில் படக்கென்று கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், காற்று நின்றது. கடல் தட்டில் ஊற்றின கஞ்சி மாதிரிக் கிடந்தது. மறுநாள் பேப்பரில் நெல்லூர் என்றுதான் போட்டிருந்தது.

கூண்டை இறக்கிப் பார்த்தார்கள். கோழி அளவு இருந்தது. நிறம் கிடையாது. இரண்டு கீற்றுத் துண்டும் ஒரு நண்டு ஓடும் உள்ளே சுற்றியதால்தான் இருப்பது தெரிந்தது. விசும்பிக்கொண்டிருந்தது. அப்பாவு மீசையைத் தடவிக்கொண்டு பெண்சாதியைப் பார்த்தான். அவள் தன் பெட்டியை வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

"கூரைதான் பறக்கலையேம்மே!"

"பறக்கல. பறக்கடிக்கிறதக் கொணாந்து வூட்டுல வெச்சுகினு கீறியே, நான் எப்டியா தூங்குவேன்? பேஜாரு. அத்த வுட்டுடு."

"வுட்டா மொத வேலையா நம்ம கூரையத்தான் தூக்கும்."

"அப்போ நீயே அதோட குடும்பம் பண்ணு."

அண்ணன் பசியோடு வண்டி ஓட்டக் கூடாது என்று, சோறு ஆக்கிவிட்டுக் கிளம்ப அடுப்பண்டை உட்கார்ந்தாள். விறகெல்லாம் ஈரம். ஊதுகுழலால் ஊதினாள், இருமினாள், கண்ணைக் கசக்கினாள். விறகைத் திட்டினாள், விற்ற விறகுத் தொட்டிக்காரனைத் திட்டினாள், தாலி கட்டினவனையும் விடவில்லை. அப்பாவுக்குச் சமாதானம் பேசத் தெரியாது. கூண்டைத் தூக்கிப்போய் அடுப்பு வாயில் வைத்தான். அது விசும்பலை நிறுத்தி ஒரு மூச்சு விட்டது. ஈர விறகு குப்பென்று பிடித்தது. புகை போன இடம் தெரியவில்லை. சொக்கம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூண்டையே பார்த்தாள்.

"இது இன்னாயா துன்னும்?" என்று கேட்டாள்.

சுப்பராயன் எழுந்துபோய்ப் பெட்டியை வண்டியிலிருந்து தானே இறக்கி வைத்தான்.

அது தின்றது உமி. சித்திரை வெயிலில் வாசலில் தொங்கியது, தெருவே காற்று வாங்க வந்து எதிரில் உட்கார்ந்தது. கருவாடு உலர்த்தவும் கல்யாண அடுப்பு மூட்டவும் இரவல் வாங்கிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மண்ணாங்கட்டி வீட்டுக் குழந்தைகள் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டன. நாலைந்து வருஷம் போயிற்று. ஒரு கார்த்திகையில் பெரிய புயல் ஒன்று கிளம்பி, துறைமுகத்தில் கூண்டு ஏறியது. அப்பாவு மேலே ஏறிப் பழங்கயிற்றை அறுத்துப் புதுக் கயிறு கட்டினான். சொக்கம்மாள் கீழிருந்து முனை பிடித்துக் கொடுத்தாள். காற்று வலுத்ததும் அவள் உள்ளே போனாள். கூண்டில் இருந்தது மூலையில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் கூண்டை எடுத்து மடியில் வைத்து, ஒரு சாக்கைப் போர்த்தினாள்.

"கம்முனு கெட. புயலு வெளியதான் கீது. நம்ம வூடு கெட்டி" என்றாள்.

கூரை மேலிருந்த அப்பாவுக்கு அது கேட்டது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கி வந்து கதவைச் சாத்தினான்.